வைரஸ் என்று மிரட்டிப் பறித்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மயிலாடுதுறையில் அம்மாவுடன் இருக்கிறார். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கணினியில் அவருக்குத் தினமும் பரிசு விழுந்தது, கே.ஒய்.சி. முடிந்துவிட்டது என்று கணக்கில்லாமல் மின்னஞ்சல்கள் வரும். திரையின் ஓரத்தில் விளம்பரங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். போன வெள்ளிக்கிழமை மாலை திரை முழுவதும் நீலமாகி, சைரன் ஒலியுடன் 'உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழைக்கவும்' என்று வந்திருக்கிறது. பயந்துபோய் அழைத்திருக்கிறார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், ஏதோ செயலியை இறக்கச் சொல்லி, கணினியைத் தன் கைக்குக் கொண்டுபோய்விட்டான். 'சுத்தம் செய்யும் கட்டணம்' என்று டெபிட் கார்டில் 14,800 ரூபாய். அதற்கு ஓடிபி-யும் சொல்லியிருக்கிறார். இரவு 7.30-க்கு என்னிடம் சொன்னார். வங்கியின் கஸ்டமர் கேரை அழைத்து நடந்ததைச் சொல்லி, 8 மணிக்குக் கார்டை முடக்கச் செய்தோம். 9 மணிக்கு மேல் நெட் பேங்கிங் வழியாக இன்னொரு 49,000 ரூபாய் போய்விட்டது. இதற்கு எந்த ஓடிபி-யும் சொல்லவில்லை என்கிறார். திங்கட்கிழமை கிளைக்குப் போனால், 'நீங்களே கொடுத்தால் நாங்கள் என்ன செய்ய?' என்று அனுப்பிவிட்டார்கள். பணம் கிடைக்குமா? இப்படி விளம்பரமும் மின்னஞ்சலும் அனுப்புகிறவர்களைத் தண்டிக்கச் சட்டமே இல்லையா? கம்ப்யூட்டர் கடைக்காரர் ஃபார்மட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா?

— வாசகி, சென்னை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஃபார்மட் போடக் கொடுக்காதீர்கள். அந்த ஹார்டு டிஸ்க்தான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி. அவன் இறக்கச் சொன்ன செயலி, அது இணைக்கப்பட்ட நேரம், பிரவுசரில் அந்த நீலத் திரை வந்த முகவரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அப்பாவுக்குக் கணினி அவசியம் என்றால், பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டு, புதிய டிஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை இணைய இணைப்பைத் துண்டித்தே வைத்திருங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

உங்கள் கடிதம் அச்சேறும்வரை காத்திருக்க முடியாது என்பதால் 1930-ஐ அழைத்துப் புகார் பதியும்படி தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக மீண்டும் எழுதுகிறேன். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் 1930. பணம் போன வங்கி, அது போய்ச் சேர்ந்த வங்கி, அங்கிருந்து மாறிய அடுத்த வங்கி எல்லாம் அந்த அமைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. மோசடிக்காரன் பணத்தை எடுப்பதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால், அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்தி வைக்கப்படும். பெரும்பாலான வழக்குகளில் பணம் கிடைப்பதும் கிடைக்காததும் முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. வங்கிக் கிளை திறக்கட்டும் என்று இரவைக் கடத்தும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 14,800 வேறு, 49,000 வேறு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 63,800 ரூபாய் என்று புகார் எழுதினீர்கள் என்றால், வங்கி முதல் தொகைக்குச் சொல்லும் பதிலையே இரண்டாவதற்கும் சொல்லிவிடும். கிளையில் நடந்ததும் அதுதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வகுத்த விதி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை, அவரே ஏற்க வேண்டும் என்கிறது. ஓடிபி-யைச் சொன்னது கவனக்குறைவு என்ற கணக்கில்தான் வரும். எனவே 14,800 ரூபாயை வங்கியிடமிருந்து வாங்குவது கடினம். அது 1930 வழியாக எங்காவது நிறுத்தப்பட்டிருந்தால்தான் உண்டு.

ஆனால் அதே விதியில் அடுத்து வரும் வாக்கியம் உங்களுக்குச் சாதகமானது. வாடிக்கையாளர் தெரிவித்த பிறகு ஏற்படும் எந்த இழப்பையும் வங்கிதான் ஏற்க வேண்டும். நீங்கள் 8 மணிக்குக் கஸ்டமர் கேரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டீர்கள். 49,000 ரூபாய் போனது 9 மணிக்குப் பிறகு. கடிதத்தில் இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கே இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

வங்கி என்ன வாதிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'கார்டை முடக்கத்தான் கேட்டார்கள், முடக்கினோம். நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல்லவில்லை' என்பார்கள். கணினியே அந்நியன் கையில் இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகு, கணக்கின் மற்ற வாசல்களையும் மூடுவது வங்கியின் வேலை என்பதே என் கருத்து. ஆனால் அந்த அழைப்பில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு அழைப்பின் ஒலிப்பதிவு வேண்டும். ஆகவே வங்கிக்கு எழுதும் கடிதத்தில் இவற்றை வரிசையாகக் கேளுங்கள்: வெள்ளிக்கிழமை இரவு அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும், அந்த அழைப்புக்கான புகார் எண் வேண்டும், 49,000 ரூபாய்க்கான ஓடிபி எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குப் போனது, எந்த ஐபி முகவரியிலிருந்து கணக்கு திறக்கப்பட்டது, புதிய பயனாளி எப்போது சேர்க்கப்பட்டார் என்ற விவரம் வேண்டும். அப்பா ஓடிபி சொல்லவில்லை என்பதை நான் நம்புகிறேன். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் கணினித் திரையிலும் பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அவர் வைத்திருந்தாரா என்று பாருங்கள். வைத்திருந்தால், கணினியைப் பிடித்தவன் ஓடிபி-யைக் கேட்கவே வேண்டியதில்லை. எப்படியானாலும், வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பை ரிசர்வ் வங்கி விதி வங்கியின் தலையில்தான் வைத்திருக்கிறது. 'நீங்களே கொடுத்திருப்பீர்கள்' என்ற வாய்ச்சொல் நிரூபணம் ஆகாது.

காலக்கெடுவும் உங்கள் பக்கம்தான். வங்கியின் குறையும் வாடிக்கையாளரின் குறையும் இல்லாத மோசடியில், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. பணம் போனதாக வங்கியின் குறுஞ்செய்தி வந்த நாளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, விடுமுறையையும் சேர்ப்பதில்லை. நீங்கள் திங்கட்கிழமையே போயிருக்கிறீர்கள். தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமான 'நிழல் வரவாக' வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்பதும் வங்கியின் கடமை. கிளையில் வாயால் சொன்னதைக் கடிதமாக எழுதி, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கும் கட்டணம் கிடையாது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஓம்புட்ஸ்மேன் அதே புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 46-ஆவது பிரிவின்படி ஒரு தீர்ப்பு அதிகாரியும் இருக்கிறார். தமிழ்நாட்டில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அவர். 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்கும் வழக்குகளை விசாரிக்கலாம். வங்கியின் பெயரில் வந்த பொய் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுப் பணத்தைப் பறிகொடுத்த ஒருவருக்கு, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி வங்கிக்கு 2010 ஏப்ரலில் இதே அதிகாரிதான் உத்தரவிட்டார். நாட்டிலேயே முன்னோடியான உத்தரவு அது. ஆனால் மேல்முறையீட்டில் அது உறுதியாக 2019 ஆகிவிட்டது. உங்கள் தொகைக்கு அந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பொய் மின்னஞ்சலில் ஏமாந்தவர் என்பதாலேயே ஒருவர் உரிமை இழந்துவிடுவதில்லை என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

காவல் துறை பக்கம் வருவோம். 1930-இல் பதிந்தது புகார்தான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், மின்னஞ்சலிலும் கொடுக்கலாம். மின்னஞ்சலில் கொடுத்தால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் எழுத்து மூலம் எஸ்.பி.-க்கு, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டுக்கு. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. மோசடியாகக் கணினிக்குள் நுழைந்ததற்கு அதே சட்டத்தின் 43, 66 பிரிவுகள். ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை. 'அப்பாதானே அனுமதி கொடுத்தார்' என்று யாராவது சொன்னால் தயங்காதீர்கள். பொய் சொல்லி வாங்கிய அனுமதி சட்டத்தின் கண்ணில் அனுமதி அல்ல. அவன் வெளிநாட்டில் இருந்தாலும், குற்றத்தில் இந்தியாவில் உள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு பொருந்தும். பணம் எந்தக் கணக்கிலாவது நிறுத்தப்பட்டிருந்தால், அதை விடுவிக்கக் காவல் துறை அறிக்கையுடன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட், வங்கிக் குறுஞ்செய்தி, அழைத்த எண் எல்லாவற்றையும் சேமியுங்கள். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். ஒரு பகுதியில் கருவியை வைத்திருப்பவரும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். டிஸ்க்கைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகவும்தான்.

இனி, மின்னஞ்சலும் விளம்பரமும். வேண்டாத மின்னஞ்சல் அனுப்புவதை மட்டுமே குற்றமாக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் வேண்டாத வணிக மின்னஞ்சலை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. இங்கே கிட்டத்தட்ட அதைத் தொட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் ஒரு பகுதி. அனுப்புநரை மறைத்துத் தொல்லை தரும் மின்னஞ்சலை அது குற்றமாக்கியது. கருத்துச் சுதந்திரத்தை நெரித்த அந்தப் பிரிவு முழுவதையும் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அதன் பிறகு ஸ்பேமுக்கென்று அளவான ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவந்திருக்க வேண்டும். கொண்டுவரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். 1909-இல் பதியும் 'தொல்லை வேண்டாம்' வசதியும் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும்தான், மின்னஞ்சலுக்கு உதவாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது போன்ற முக்கிய உரிமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

பரிசு, கே.ஒய்.சி. என்று ஏமாற்ற வரும் மின்னஞ்சல் வேறு வகை. பணம் போகாவிட்டாலும் அது மோசடி முயற்சி. அவற்றைத் திறக்காமல், 'அன்சப்ஸ்கிரைப்' கூட அழுத்தாமல், ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். அழுத்தினால் அந்த முகவரியில் ஆள் இருப்பதை நாமே உறுதி செய்ததாகிவிடும்.

நீலத் திரை போன்ற பாப்-அப்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. கணினியில் வைரஸ் இருப்பதாகப் பயமுறுத்தி, போலி நீக்கியை விற்பது அவற்றில் ஒன்று. செய்தி போல வேடமிட்ட விளம்பரமும் ஒன்று. எந்த இணையதளத்திலிருந்து அந்தத் திரை வந்ததோ அதன் பெயருடன் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். திரையின் ஓரத்தில் முளைக்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டபோது 'அனுமதி' அழுத்தியதால் வருபவை. பிரவுசரின் அமைப்பில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்த அனுமதிகளை நீக்கினால் நின்றுவிடும். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தி எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள், அல்லது கணினியையே அணைத்துவிடுங்கள்.

இன்னொரு அழைப்பும் வரக்கூடும், கவனமாக இருங்கள். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் கட்டுங்கள்' என்பார்கள். 1930-உம் காவல் துறையும் ஓம்புட்ஸ்மேனும் பணத்தைத் திருப்ப ஒரு ரூபாயும் கேட்பதில்லை.

கணக்கு அப்பாவின் பெயரில் இருப்பதால் புகார்தாரர் அவர்தான். வங்கிக் கடிதத்திலும் காவல் நிலையத்திலும் அவரே கையெழுத்திட வேண்டும், நடந்ததை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் அவர் பாதியை விழுங்கிவிடுவார், வழக்கு அங்கேயே பலவீனமாகும். இந்த வார இறுதியில் ஊருக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, நேர வரிசைப்படி அவர் சொல்வதை அப்படியே எழுதி வாங்குங்கள்.