பாப்பாவுக்குப் பொறுமை இருக்கா?

உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ எட்டு, ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு கிலுகிலுப்பை, இரண்டு துணி போதும். குழந்தை பார்க்கும்போதே கிலுகிலுப்பையை இடப்பக்கத் துணிக்கு அடியில் வையுங்கள். குழந்தை துணியை இழுத்து எடுத்துவிடும். இப்படி இரண்டு மூன்று தடவை. அடுத்த தடவை, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணி, பிறகு எடுக்க விடுங்கள். அனேகமாகக் கை இடப்பக்கம்தான் போகும்!

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே தம் சொந்தக் குழந்தைகளிடமே இதைக் கவனித்து, 1937-இல் வந்த நூலில் எழுதினார். மறைந்த பொருளைப் பற்றிய அறிவு குழந்தைக்கு இன்னும் முழுசா வரவில்லை என்பது அவருடைய விளக்கம். பின்னாளில் அடீல் டயமண்ட் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார். சில குழந்தைகளின் கண் சரியான துணியைப் பார்க்கிறது. கை மட்டும் பழைய துணிக்குப் போகிறது. அதாவது, பழகிய கையை நிறுத்தத்தான் முடியவில்லை.

இப்படித் தன்னை நிறுத்திக்கொள்வது, ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனசில் பிடித்து வைப்பது, விதி மாறினால் தானும் மாறிக்கொள்வது, இம்மூன்றையும் சேர்த்து உளவியலில் 'எக்ஸிகியூட்டிவ் ஃபங்ஷன்' என்கிறார்கள். மூளையின் நிர்வாகத் திறன் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம்ம தலைமையாசிரியர் அறை மாதிரின்னு வச்சுக்கோங்க. இதில் பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு. அது முழுசா முதிர்ச்சி அடைய இருபது வயசு தாண்டிவிடும். ஆக, நமக்கே இன்னும் வேலை முடியலை, பாப்பாவைச் சொல்லி என்ன!

சரி, இந்தத் திறன் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி வளர்கிறதா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். குழந்தை முன்னால் ஒரு தின்பண்டம். "இப்பவே வேணும்னா ஒண்ணு. நான் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு." காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று செய்தி பரவ, நாலு வயசிலேயே பிள்ளையின் தலையெழுத்து தெரிந்துவிடும் என்பதுபோல் சிலர் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நல்ல வேளை, 2018-இல் இன்னும் நிறையக் குழந்தைகளை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

அதே 2018-இல் வெளியானதுதான் பெட்டினா லாம் குழுவினரின் ஆய்வு. ஒரு பக்கம் ஜெர்மனி நகரப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டின் என்சோ என்னும் விவசாய மக்களின் பிள்ளைகள். எல்லோருக்கும் வயசு நாலு. என்சோ பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர்ப் பண்டமான 'பஃப்-பஃப்' வைத்தார்கள். மாவை எண்ணெயில் பொரித்த உருண்டை அது. காத்திருக்க வேண்டியது 10 நிமிடம். ஜெர்மன் பிள்ளைகளில் சுமார் 28 சதவீதம் பேர் காத்திருந்தார்கள். என்சோ பிள்ளைகளில்? ஏறக்குறைய 70 சதவீதம்! ஜெர்மன் பிள்ளைகள் நெளிந்தார்கள், பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்சோ பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தூங்கியே போய்விட்டார்கள்!

இதே குழந்தைகள் ஒன்பது மாதமாக இருந்தபோதே, அம்மாக்கள் அவர்களோடு விளையாடுவதையும் இந்தக் குழு பார்த்து வைத்திருந்தது. ஜெர்மன் அம்மாக்கள் குழந்தை காட்டும் விருப்பத்தின் பின்னால் போகிறார்கள். என்சோ அம்மாக்கள் தாங்களே வழிநடத்துகிறார்கள். குழந்தை அழுவதற்கு முன்பே பால் கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் அடக்கமாக இருப்பது அங்கே முதல் பாடம். அங்கே பாராட்டப்படுவது அமைதி, இங்கே தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிவது.

அப்படியானால் சில நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பொறுமை அதிகமா? இந்த இடத்தில்தான் 2022-இல் வந்த ஓர் ஆய்வு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஜப்பானின் கியோட்டோ, அமெரிக்காவின் போல்டர் என்ற இரு நகரங்களில் நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். சிலருக்குத் தின்பண்டம், சிலருக்குக் காகிதம் சுற்றிய பரிசு. பண்டத்துக்காக ஜப்பான் பிள்ளைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகளால் முடியவில்லை. பரிசு என்றதும் அப்படியே தலைகீழ்! அமெரிக்கப் பிள்ளைகள் பொறுமையாக இருக்க, ஜப்பான் பிள்ளைகள் சீக்கிரமே பிரித்துவிட்டார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஜப்பானில் எல்லோருக்கும் பரிமாறிய பிறகு, 'இதாதாகிமாஸ்' என்று ஒன்றாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார்கள். குழந்தை தினமும் காத்திருந்து பழகுகிறது. பரிசோ எப்போதாவது வரும், அதற்கு அப்படிச் சடங்கு இல்லை. அமெரிக்காவிலோ கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசுகளை முன்கூட்டியே அடுக்கிவிடுவார்கள். பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே, பிரிக்காமல், அந்த நாள் வரும்வரை நடமாட வேண்டும்.