நாரை வராத நாளையும் எழுதுங்கள்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நடக்கிறது. நமக்கு அதே நாள்களில் பொங்கல். சில ஆண்டுகளில் தைப்பூசமும் சேர்ந்துகொள்ளும். அதனால் பேராக்கில் குழு சேர்ப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது நாள்காட்டி, அடுத்தது கடலேற்ற அட்டவணை. தொலைநோக்கியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடலேற்றம் ஏன் முக்கியம் என்பது கோலா குலாவில் நின்றால் தெரியும். 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு வரும் மாத்தாங் சதுப்புநிலக் காட்டை ஒட்டிய கிரியான் கரை அது. நீர் வற்றியிருக்கும்போது சேற்றுவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அதில் சிதறி மேயும்; அப்போது எண்ணுவது வீண். கடல் ஏற ஏற அவை பின்வாங்கி, மிஞ்சிய ஒரு திட்டில் நெருங்கி நிற்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நம் வேலை நேரம்.

முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவை நகர்த்தி நூறு வரை போங்கள். பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் கடைசி வரை. ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். மூன்றாமவர் சற்றுத் தள்ளி நின்று, தம் கணக்கை வாய்விட்டுச் சொல்லாமல் தனியே குறிக்கட்டும். குழுவில் மூத்தவர் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் எண்ணும் அந்தப் பக்கமே சாயும். தலைமை ஏற்பவர் கடைசியில் வாய் திறப்பது நல்லது. நடுவில் பருந்து வந்து கூட்டம் கிளம்பிவிட்டால், மீதியைக் குத்துமதிப்பாக நிரப்பக் கூடாது. மறுபடி அமரட்டும், முதலிலிருந்து எண்ணலாம்.

பத்து காஜா பக்கத்து ஈயக்குட்டைகளில் கதையே வேறு. 1985-இல் ஈயச் சந்தை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பின், கிந்தா பள்ளத்தாக்கில் மிஞ்சியவை இந்த நீர்நிலைகள். ஆழமான குட்டைகளில் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாணல் மண்டிய, கரை சரிந்த ஆழமற்ற குட்டைகளில்தான் செந்நாரையும் வக்காவும் கூடு கட்டும். அங்கே எனக்குப் பெரிய உதவி பழைய தோட்டத்து மக்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அந்தப் பக்கமே இருந்துவிட்ட ஒரு பெரியவர், காலையிலேயே போய் நின்ற எங்களிடம், "இப்ப எண்ணுனா பாதிகூடத் தேறாது தம்பி. அந்தி சாயட்டும், வக்கா கூட்டமா வெளிய கிளம்பும்" என்றார். வக்கா இரவில் இரை தேடும் பறவை. பகல் முழுக்க இலை மறைவில் உட்கார்ந்திருக்கும். பொழுது சாய்ந்து அது வெளியேறும் பாதையில் நின்று எண்ணுவதே சரி. புதுக் குட்டைக்குப் போகுமுன் அங்கே மீன் பிடிப்பவரிடமும் மாடு மேய்ப்பவரிடமும் பேசிவிடுங்கள்.

கூடுகளுக்கு அருகே படகு வேண்டவே வேண்டாம். தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் காகமும் உடும்பும் முட்டையை எடுத்துவிடும். நல்ல படம் கிடைக்கும் என்று யார் கெஞ்சினாலும் நான் விடுவதில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகள் ஒன்றுமே பார்க்காத இடத்துக்குத் தாளை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வெற்றுத் தாள் என்றால் அங்கே யாரும் போகவில்லை என்று பொருள். சுழியம் என்றால் போய்ப் பார்த்தோம், பறவை இல்லை என்று பொருள். மாத்தாங் கரையில் 1980களில் நூறு அளவில் இருந்த பால்நாரை, இருபது ஆண்டுகளில் பத்துக்கும் கீழே இறங்கியது. அந்தச் சரிவு நமக்குத் தெரிந்ததே, குறைந்த ஆண்டுகளிலும் யாரோ போய் எண்ணியதால்தான். பிறகு விலங்குக் காட்சிசாலையில் வளர்த்த பறவைகளைக் கோலா குலாவில் விட்டார்கள்.

மலேசியாவில் 1995 முதல் நடப்பில் உள்ள ராம்சார் உடன்படிக்கையில் ஓர் அளவுகோல் உண்டு: ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு விழுக்காட்டைத் தொடர்ந்து தாங்கும் ஈரநிலம் உலக முக்கியத்துவம் பெறத் தகுதியானது. தொடர்ந்து என்பதை ஒரு நல்ல ஆண்டின் பெரிய எண்ணால் காட்ட முடியாது. ஆகவே அதே இடம், அதே கடலேற்றம், அதே வாரம். நின்ற இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், மழையா வெயிலா என்பதை எண்ணுக்கு மேலேயே எழுதிவிடுங்கள். மணல் அள்ளும் லாரி வந்து போயிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அங்கே நிற்கப்போவது வேறொருவராக இருக்கலாம்.