கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தூள்: சாயம் போட்டால் தெரியும்!



பிளாஸ்டிக் டப்பாவில் சாம்பார் ஊற்றி வைத்தால் மூடியெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. எவர்சில்வர் டப்பாவில் அப்படி ஏறுமா? ஏறாது. மஞ்சளின் நிறம் தண்ணியில் சரியாகக் கரையாது. எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதப் பாடமே அந்தக் குணத்தைப் பற்றியதுதான்.

வெயிலில் கிடந்த கேரி பை தொட்டாலே நொறுங்குது இல்லையா? அந்தத் துண்டு 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். தூத்துக்குடி உப்பிலும் இது இருப்பதை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பெரிய துண்டைக் கையால் பொறுக்கிவிடலாம். மணலோடு மணலாகக் கிடக்கிற தூளை எப்படிப் பொறுக்குவது?

முதல் வேலை நமக்குத் தெரிந்ததுதான். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து விதைநெல்லைப் போடுவோமே! பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும். அதேபோல மணலைக் கெட்டியான உப்புத்தண்ணியில் கலக்கினால், மணல் அடியில் தங்கி கேரி பைத் தூள் மேலே வரும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் கனமானது, அதற்கு வெறும் உப்பு போதாது. துத்தநாகக் குளோரைடு கரைசல் வேண்டும். மிதந்ததில் உள்ள செடி, பூச்சித் துணுக்குகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அழிக்கிறார்கள். பிறகு 'நைல் ரெட்' என்ற சாயம் சில சொட்டு. அது பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளும். வடிதாளில் வடிகட்டி, நீல வெளிச்சம் அடித்து, ஆரஞ்சு கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாயம் ஏறிய தூள் மின்மினி மாதிரி ஒளிரும். சாயச் செலவு கொஞ்சம்தான்.

2017-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தார் பிளிமத் பக்கத்துக் கடற்கரை மணலையும் கடல் தண்ணியையும் இந்த முறையில் பார்த்தார்கள். 1 மில்லிமீட்டருக்கும் சிறிய தூள், முன்பு கணக்கிட்டதைவிட மிக அதிகமாக இருந்தது. அதிலும் பாலிபுரொப்பிலீன்தான் அதிகம். நம் வீட்டு உரச்சாக்கு நெய்கிற பொருளேதான்!

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. இந்தச் சாயம் எண்ணெய், கொழுப்பு எதைக் கண்டாலும் ஏறும். பெராக்சைடு வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் மீன் கொழுப்பும் மின்னும். அதனால் மின்னுவதில் சிலவற்றை எடுத்து, என்ன பிளாஸ்டிக் என்று விலை கூடிய கருவியில் உறுதி செய்துகொள்கிறார்கள். நாளைக்கு யாராவது உங்கள் வாசலில் நீல விளக்கைக் காட்டி, "பாருங்கம்மா, உங்க தண்ணியில எவ்வளவு பிளாஸ்டிக்!" என்று ஃபில்டர் விற்க வந்தால், "பெராக்சைடு போட்டீங்களா தம்பி?" என்று கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். நாம் கட்டுகிற பாலியெஸ்டர் சேலையின் நூலும் காற்றில் பறந்து வந்து விழும். அதனால் சோதனை செய்பவர்கள் பருத்தி உடுப்புதான் போடுகிறார்கள். மண் எதுவும் போடாத சுத்தமான தண்ணியையும் பக்கத்திலேயே வைத்து, எல்லா வேலையையும் அதற்கும் செய்வார்கள். அதில் எத்தனை மின்னுதோ, அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள்.