நோய் எதிர்ப்பு அணுக்களின் பிரேக்

நோய் எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது என்று நினைக்கிறோம். அப்படியல்ல. கிருமிகளை எதிர்க்கும் டி-அணுக்கள் அளவு மீறினால் நம் சொந்த உறுப்புகளையே தாக்கும். அதனால் அவற்றின் மேற்புறத்தில் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. வேறோர் அணு அதை அழுத்தினால், டி-அணுவுக்குள் இருக்கும் நொதிகள் ‘தாக்கு’ என்ற சமிக்ஞையை அணைத்துவிடும்.

சில புற்றுநோய் அணுக்கள் இதே பிரேக்கை அழுத்தித் தப்பிக்கின்றன. பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அப்படி அழுத்தவிடாமல் தடுக்கின்றன. எல்லாருக்கும் இவை பலன் தருவதில்லை.

உங்களுக்கு இந்தச் சிகிச்சை நடக்கிறதா? பிரேக் விலகினால் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல் ஆகியவையும் தாக்கப்படலாம். வயிற்றுப்போக்கு, புதிய இருமல், மூச்சுத்திணறல், தோல் தடிப்பு, கடும் சோர்வு ஏற்பட்டால் அன்றே சிகிச்சை தரும் குழுவை அழையுங்கள். மூச்சுவிடச் சிரமம் அதிகமாக இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். “நேற்றுச் சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை” என்று கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். குடல் அழற்சியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். தாமதித்தால் நிலைமை மோசமாகலாம்.

கடைசி மருந்து ஏற்றிப் பல மாதங்கள் கழித்தும் இவை வரலாம். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், “எனக்குக் கீமோ மட்டுமல்ல, இம்யூனோதெரபி கொடுத்தார்கள்” அல்லது “கீமோ அல்ல, இம்யூனோதெரபி” என்று உள்ளபடி சொல்லுங்கள். மருந்தின் பெயரை எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள்.