நொடித்துப்போன நண்பனுக்கு…

கேள்வி: தீப்பெட்டித் தொழிலில் நொடித்துப்போன என் நண்பனை ஊரே ஒதுக்குகிறது. கொடுக்க என்னிடமும் பணமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் ஊரில் வக்கீல் தொழில் பார்த்த வ.உ.சி.யை நினைத்துக்கொள்ளுங்கள். 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வந்தபோது அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமமான சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மண்ணெண்ணெய் விற்றார், அரிசி விற்றார். எதுவும் கைகூடவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் அனுப்பினார்கள், உலை கொதித்தது. ஆனால் அவரைத் தொழிலில் மறுபடி நிற்கவைத்தது, வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பப் பெற உதவியதுதான். (இத்தனைக்கும் அவரைச் சிறையில் அடைத்த ஆட்சியின் ஆள்!) அதன்பிறகே கோவில்பட்டியில் வக்கீல் வாழ்க்கை. நன்றியாக ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்றே பெயர் வைத்தார்.

பணமில்லாவிட்டால் என்ன? நண்பர் கடன்காரர்களிடம் தவணை கேட்கப் போகும்போது கூடப் போங்கள். கணக்கு நோட்டை இருவருமாக உட்கார்ந்து பாருங்கள். தெரிந்த ஆலையில் வேலைக்குச் சொல்லிவையுங்கள். கல்யாணப் பந்தியில், நாலு பேர் பார்க்க, அவர் பக்கத்து இலையில் உட்காருங்கள். புத்திமதி மட்டும் வேண்டாம். அதை ஊர் ஏற்கெனவே தாராளமாக வழங்கியிருக்கும். இன்று சாயங்காலமே போய்ப் பார்த்துவிடுங்கள்.