மன்ற அங்கத்தினரும் மன்ற ஆவணங்களும்

ஜனநாயகம் என்பது வாக்குச் சாவடியோடு முடிந்துவிடும் காரியமன்று. வாக்களித்த மக்கள் தம் ஊரின் நன்மை தீமைகளை ஐந்தாண்டுக் காலத்திற்குச் சிலர் கையில் ஒப்படைக்கின்றனர். அச்சிலர் கூடிப் பேசி முடிவு செய்யும் இடமே மன்றம். அங்கே பேசப்பட்ட சொல் காற்றோடு போய்விடும். எழுதப்பட்ட சொல்லே நிலைக்கும். ஆகவே, ஓர் அங்கத்தினர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்பதைக் கொண்டு அவருடைய பணியை அளவிடுதல் போதாது. கூட்ட அறிவிப்பு, பொருள் நிரல், தீர்மானப் புத்தகம், கடிதங்கள், பிற்காலத்தில் வந்து சேர்ந்த மின்னஞ்சல் ஆகியவற்றை அவர் எவ்வாறு கையாளுகிறார் என்பதையும் பார்த்தல் வேண்டும். இக்கட்டுரை சேலம், நாமக்கல் சமவெளியின் ஊராட்சிகளை மனத்திற் கொண்டு எழுதப்படுகிறது. எனினும் இதிற் கூறப்படுவன பேரூராட்சி, நகராட்சி அங்கத்தினர்க்கும் பொருந்துவனவே.

ஆவணம் யாருடைய உடைமை?

முதலாவதாக நாம் தெளிய வேண்டிய கேள்வி இதுவே. ஊராட்சித் தலைவரின் பெயரிட்டு வரும் கடிதம் அவருக்கு வந்ததாகத் தோன்றும். உண்மையில் அது அவர் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கு வந்த கடிதம். நாற்காலி ஊருக்குச் சொந்தம்; ஆதலின் கடிதமும் ஊருக்கே சொந்தம். அது தபால்காரர் கொணர்ந்த உறையாயினும், கைப்பேசியில் வந்த மின்னஞ்சலாயினும், இவ்விதி மாறுவதில்லை.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் கூறப்பட்டுள்ளன. அவ்விதிகளுள் ஒன்று கவனிக்கற்பாலது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவருடைய குறிப்பிட்ட உறவினரும் குடவோலைக்குப் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தனர். பொதுக் காரியத்தின் ஏட்டைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளுதல் குற்றம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் கிராம சபையார் கல்லில் எழுதி வைத்தனர்.

நம் பகுதியின் வரலாறும் இதன் அவசியத்தை உணர்த்துகிறது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965-ஆம் ஆண்டில் தருமபுரியும், 1997-ஆம் ஆண்டில் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாயின. சேலம் நகராட்சி 1994-இலும், நாமக்கல் நகராட்சி 2024-இலும் மாநகராட்சிகளாக உயர்ந்தன. எல்லைகள் மாறும்; அலுவலகங்கள் மாறும்; அலுவலரும் மாறுவர். ஓர் ஏரிக்கரையின் அளவையும், ஓர் ஆழ்குழாய்க் கிணற்றின் ஆழத்தையும், ஒரு வண்டிப்பாதை எவர் நிலத்தின் வழியே செல்கிறது என்பதையும் அடுத்த தலைமுறைக்குச் சுமந்து செல்வது ஏடு ஒன்றே.

கூட்டத்திற்கு முன்

கூட்ட அறிவிப்பும் பொருள் நிரலும் அங்கத்தினர்க்கு முன்கூட்டியே அனுப்பப்படுவதன் நோக்கம் யாது? அவர் படித்துச் சிந்தித்து வரவேண்டும் என்பதே. ஆயினும் அறிவிப்பில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் சிலர் உளர்.

ஓர் உதாரணம் கொள்வோம். பொருள் நிரலில் ஏழாவது இனமாக, "ஜவ்வரிசி ஆலை விரிவாக்கத்திற்கு அனுமதி கோரும் மனு" என்று ஒரே வரி இருக்கிறது. மரவள்ளி விளையும் நம் பகுதியில் இது சாதாரணமான விஷயமே. ஆலை வளர்ந்தால் வேலை வாய்ப்புப் பெருகும்; கிழங்குக்கும் விலை கிடைக்கும். ஆனால் மனுவோடு இணைத்த வரைபடத்தை முன்னதாகப் பார்த்த அங்கத்தினரே, ஆலையின் கழிவுநீர் எந்த ஓடையில் சேரும், அவ்வோடை எந்த ஏரிக்குப் போகும் என்று கேட்க வல்லவராவார். கேள்வி கேட்டால் சுத்திகரிப்பு ஏற்பாடு பற்றிய நிபந்தனை தீர்மானத்தில் இடம்பெறும். கேளாவிடில், ஏழாவது இனம் ஏழே நொடியில் நிறைவேறிவிடும். பிற்பாடு கிணற்று நீர் நிறம் மாறியபின் மனுக் கொடுப்பதால் பயன் சிறிது.

ஆகவே, பொருள் நிரல் கிடைத்த அன்றே அதைப் படித்தல் நலம். விளங்காத இனத்தின் பக்கத்தில் ஒரு குறியிட்டு, அலுவலக நேரத்தில் ஊராட்சி அலுவலகம் சென்று அதற்குரிய கோப்பைப் பார்க்கலாம். உரிய அறிவிப்புக் கொடுத்து ஊராட்சியின் பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டு. படிக்கப் பழக்கமில்லாதவர் இதில் நாணமுறத் தேவையில்லை. கூட்டத்திற்கு முதல் நாள் அவர்களை அழைத்து, ஊராட்சிச் செயலர் ஒவ்வோர் இனத்தையும் படித்துக் காட்டுவது மிகச் சிறந்த வழக்கமாகும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டுவிட்டால் அதுவே அறிவிப்பு என்று கருதும் போக்கும் காணப்படுகிறது. அது நினைவூட்டலுக்கு உதவும். விதிப்படியான அறிவிப்பின் இடத்தைப் பிடிக்க மாட்டாது. குழுவில் கைகூப்பும் சின்னத்தை அனுப்பியவர் தீர்மானத்திற்கு இசைந்தவர் ஆகமாட்டார்.

கூட்டத்தின் போது

தீர்மானப் புத்தகமே மன்றத்தின் நாவாகும். அங்கத்தினர் முதலில் வருகைப் பக்கத்தில் கையொப்பமிடுவதும், தீர்மானங்கள் பின்னர் ஓய்வாக எழுதப்படுவதும் மிகத் தீய வழக்கம். எழுதாத பக்கத்தில் இடும் கையொப்பம், தொகை எழுதாத காசோலையில் இடும் கையொப்பத்தை ஒத்ததே. ஒவ்வொரு தீர்மானமும் கூட்டத்திலேயே எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்படுதல் வேண்டும். எழுத்து முடிந்த இடத்தில் கோடிட்டு மூடுதல் வேண்டும். இரு தீர்மானங்களுக்கு நடுவே வெற்றிடம் விடலாகாது. மாறுபட்ட கருத்து இருந்தால் அதையும் பதிவு செய்யுமாறு கேட்க அங்கத்தினர் தயங்குதல் கூடாது.

கிராம சபைக்கும் இதுவே முறை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த கிராம சபையோடு, 2022-ஆம் ஆண்டில் மார்ச் 22, நவம்பர் 1 என்னும் இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு ஆறு முறை ஊரார் முன்னிலையில் வரவு செலவைப் படிக்க வேண்டுமாயின், அதனை எழுதி வைத்திருத்தல் வேண்டுமன்றோ? "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. ஊராட்சியைப் பொறுத்தவரை, ஏட்டில் ஏறாத குழாய்க்குப் பழுதுபார்க்கப் பணம் வாராது என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சலும் மின்னணுக் கையொப்பமும்

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் இ-கிராம் ஸ்வராஜ் தளம் தொடங்கப்பட்டது. திட்டம் தீட்டுதல், கணக்கு எழுதுதல், நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் வழங்குதல் ஆகியவை அத்தளத்தின் வழியே நடைபெறலாயின. அரசாங்கத்தின் சுற்றறிக்கைகளும் மின்னஞ்சலில் வருகின்றன. விரைவு நல்லதே; ஆனால் விரைவோடு சில அபாயங்களும் வந்துள்ளன.

ஊராட்சிக்கென ஒரே அலுவல் முகவரி இருத்தல் வேண்டும். அம்முகவரியைத் திறக்கும்போது, கடவுச்சொல்லை மறந்தால் மீட்பதற்கென ஒரு கைப்பேசி எண் கேட்கப்படும். அந்த இடத்தில் தலைவர் மகனுடைய எண்ணோ, கணினி மையத்து இளைஞருடைய எண்ணோ பதிவாகிவிட்டால், ஊராட்சியின் பூட்டுக்கு அவர்களே சாவி வைத்திருப்பவராகிறார்கள். ஆகவே அலுவலகத்திற்குரிய எண்ணையே பதிவு செய்க. வரும் மின்னஞ்சல்களை நாள்தோறும் திறந்து, நடவடிக்கை வேண்டியவற்றைத் தபால் பதிவேட்டில் எண்ணிட்டு எழுதுக. அறிமுகமற்ற முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் தொடுதலும், வங்கியின் பெயரால் கேட்போருக்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுதலும் ஒருபோதும் வேண்டா.

மின்னணுக் கையொப்பக் கருவி சிறு விரல் அளவே இருக்கும். எனினும் அதன் வலிமை பெரிது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பை அளித்தது. அதன் இரகசியத் திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பையும் உரியவர் மீதே சுமத்தியது. கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்று சட்டம் விதித்தது, ஒரு பணத்தை இரு கண்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. இருவர் கருவியும் ஒரே மேசை இழுப்பறையில், கடவுச்சொல் எழுதிய சீட்டோடு கிடக்குமாயின், அவ்விதி எழுத்தளவில் நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் தணிக்கையாளர் வினவும்போது, "நான் கையொப்பமிடவில்லை; கருவி அங்கே இருந்தது" என்னும் விடை ஏற்கப்படாது.

பெண் அங்கத்தினர்க்கு இதனை இன்னும் அழுத்தமாகக் கூற வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. அவ்வாறு அமர்ந்த தலைவியின் அலுவல் மின்னஞ்சல் கணவர் கைப்பேசியிலும், மின்னணுக் கையொப்பம் உறவினர் பையிலும் இருந்தால், பதவி மட்டுமே அவருடையது, அதிகாரம் பிறருடையது. பொறுப்போ, சட்டத்தின் பார்வையில், முழுவதும் அவருடையதே. சகோதரிகள் முதல் வாரத்திலேயே கடவுச்சொல்லைத் தாமே அமைத்துக்கொள்ளப் பழகுதல் வேண்டும். வட்டாரத்தில் நடைபெறும் பயிற்சிகளுக்குத் தாமே நேரில் வந்து, கணினியின் முன் தாமே அமர்தல் வேண்டும்.

சான் ஹோசே நகரின் வழக்கு

சொந்த முகவரியில் அலுவல் நடத்தும் சிக்கல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே என்னும் நகரம் உள்ளது. அங்கே 2009-ஆம் ஆண்டில் ஒரு குடிமகன், நகர்ப் பகுதிச் சீரமைப்பு ஒன்றைக் குறித்து மேயரும் மன்ற அங்கத்தினரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களைக் கேட்டார். அவர்களுடைய சொந்தக் கைப்பேசியிலும் சொந்த முகவரியிலும் இருந்தவற்றையும் சேர்த்தே கேட்டார். சொந்த முகவரியில் உள்ளவை நகரின் ஆவணமல்ல என்று நகராட்சி மறுத்தது. வழக்கு அம்மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: பொதுக் காரியத்தைப் பற்றிய கடிதமாயின், அது சொந்தக் கணக்கில் இருப்பதனால் மட்டும் பொது ஆவணம் என்னும் தன்மையை இழந்துவிடாது.

நம் நாட்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தகவல் என்பதற்குக் கூறும் விளக்கத்தில் மின்னஞ்சலையும் சேர்த்தே கூறுகிறது. பதிவேடுகளை அட்டவணையிட்டுப் பராமரிக்குமாறும் அச்சட்டம் பணிக்கிறது. தகவல் கேட்டு வரும் மனுவிற்குப் பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடையளித்தாக வேண்டும். கடிதம் எவர் கைப்பேசியில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினால் முப்பது நாட்கள் போதுமா?

பொறுப்பு மாறும்போது

நம் ஊராட்சிகளின் ஆவணங்கள் பெரிதும் சிதறுவது பொறுப்பு மாறும் காலத்திலேயே. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்தபின், 2019 டிசம்பரிலேதான் நம் மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தனர். அத்தேர்தலில் வென்றோரின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிவுற்று, மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். இவ்வாறு கை மாறும் ஒவ்வொரு முறையும், எழுதி ஒப்படைத்த ஊராட்சி நிலைபெறுகிறது. வாய்ச்சொல்லால் ஒப்படைத்த ஊராட்சி தடுமாறுகிறது.

இதனால் விளையும் நட்டம் எத்தகையது? ஒரு மனைப்பிரிவில் சாலைக்கும் பூங்காவுக்கும் விடப்பட்ட இடம் ஊராட்சிக்குத் தானப் பத்திரத்தின் மூலம் எழுதிக் கொடுக்கப்படுகிறது. அப்பத்திரம் ஒரு தலைவர் வீட்டுப் பீரோவில் தங்கிப்போய், அடுத்தவர்க்கு அப்படியொரு இடம் இருப்பதே தெரியாது போகலாம். பத்தாண்டு கழித்து அங்கே வேலி முளைக்கும்போது, ஊர்ப் பிள்ளைகள் விளையாடிய இடம் ஊருடையது என்று காட்டக் கையில் காகிதம் இராது.

ஆகவே பதவி முடியும் ஒவ்வொருவரும் ஓர் ஒப்படைப்புப் பட்டியல் எழுதுதல் வேண்டும். பதிவேடுகள், பத்திரங்கள், வரைபடங்கள், சாவிகள், நிலுவையிலுள்ள கடிதங்கள் ஆகியவற்றோடு, மின்னஞ்சல் முகவரியும் அதன் மீட்பு எண்ணும் அதில் இடம்பெறுக. மின்னணுக் கையொப்பம் ஒருவர்க்கே உரியதாதலின் அதனைக் கைமாற்றித் தரலாகாது. அதன் பதிவை நீக்குமாறு எழுதிக் கொடுத்தல் வேண்டும். சொந்தக் கைப்பேசியில் ஊராட்சி தொடர்பான கடிதமோ நிழற்படமோ இருப்பின், அலுவல் முகவரிக்கு அனுப்பிவிட்டு விடைபெறுக. பொறுப்பேற்பவர் பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு, அன்றே கடவுச்சொல்லை மாற்றுக. ஒரு பிற்பகல் நேரமே இதற்குத் தேவைப்படும்.

சேலம் மாவட்டத்தின் இருபது ஒன்றியங்களிலும் நாமக்கல் மாவட்டத்தின் பதினைந்து ஒன்றியங்களிலும் மன்ற அறைக்குள் புகும் ஒவ்வோர் அங்கத்தினரும் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக. இந்தப் பொருளை நான் படித்தேனா? இந்தப் பக்கம் என் கண் முன்னே எழுதப்பட்டதா? நாளை நான் இல்லாதபோது இக்காகிதம் ஊராருக்குக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறக்கூடியவர், தம் ஊருக்குச் செய்ய வேண்டிய சேவையில் பெரும் பகுதியைச் செய்து முடித்தவராவார்.