சட்ட மென்பொருள் வாங்குமுன் சான்றிதழைப் படியுங்கள்

ஹட்டன், நுவரெலியா சட்டத்தரணிகளின் கோப்புகளில் தோட்ட மக்களின் அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி விபரம், காணி உறுதி எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் கணினியில் பேணித்தரும் நிறுவனம் ‘பாதுகாப்பாக வைத்திருக்கிறோம்’ என்றால் அது விற்பவர் வாய்ப்பேச்சு மட்டுமே. தேயிலைப் பெட்டியிலுள்ள ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் தவளை முத்திரையைத் தோட்டம் தானே போட்டுக்கொள்ள முடியாது. வெளியார் வந்து தணிக்கை செய்ய வேண்டும். மென்பொருளுக்கும் அதே நியாயம்தான். ஆகவே தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் நீங்கள் வாங்கும் சேவை அடங்குகிறதா, தலைமை அலுவலகம் மட்டும்தானா என்று பாருங்கள். சான்றிதழின் மூன்றாண்டுச் செல்லுபடிக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும், சான்றளித்த அமைப்புக்கே அங்கீகாரம் உண்டா என்பதையும் சரிபாருங்கள். அந்த அங்கீகாரத்தை வழங்கவே இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி ஒரு சபை இருக்கிறது.

சான்றிதழ் இருந்தும் தரவு கசிவதில்லையா என்று கேட்கலாம். கசியலாம்; சான்றிதழ் உத்தரவாதமன்று, ஆண்டுதோறும் வெளியார் கண் படுகிறது என்பதற்கான அத்தாட்சி. சிறிய நிறுவனங்களுக்கு இந்தச் செலவு கட்டாது என்பதும் உண்மையே. அவர்களிடம் வாங்கினால், தரவு எங்கே இருக்கும், பிரதி எப்போது எடுக்கப்படும், விலகினால் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். மென்பொருள் எந்த முத்திரை பெற்றாலும் அது சட்டத்தை மாற்றாது: காணி உறுதிக்கு 1840 முதல் இன்றுவரை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.